ஒரு சாண் தள்ளி வந்த பந்து

போன வாரம் நம் மில் காலனி குரூப்பில் அந்தப் பழைய போட்டோவை எடுத்துப் போட்டீர்கள். காலனி மைதானம், பின்னால் தண்ணீர்த் தொட்டி, முன்னால் இரண்டு வரிசையாக நம் வாலிபால் டீம். படம் பழுப்பேறி மங்கியிருந்தாலும் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டீர்கள். நடுவில் பந்தை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவர் என் அப்பா என்று சொல்லி எனக்குக் கும்பிடு போட்டீர்கள். பின்வரிசையில் கடைசியாக, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நிற்கிற ஆளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்: "இந்த ஒட்டன்சத்திரத்து ஆளாலதான் அந்த வருசம் நம்ம டீம் கவுந்துச்சு." அதற்குக் கீழே நிறையப் பேர் சிரித்திருந்தீர்கள்.

நான் அன்றைக்கு ஒன்றும் பதில் போடவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இதைச் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். இனி முடியாது. கொஞ்சம் நீளமாக இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

டீம் ஆட்களுக்கு மில் சம்பளம் கொடுத்தது பந்துக்காகத்தான், உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பாக்கள் மூன்று ஷிப்டும் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்தபோது என் அப்பா ஸ்டோர் ரூமில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். காலையிலும் சாயங்காலமும் பிராக்டிஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு மில்களோடு ஆட்டம். ஜெயித்தால் திங்கட்கிழமை கேண்டீனில் எல்லோருக்கும் கேசரி. அந்தக் கேசரிக்காக நீங்கள் என்னிடம் காட்டிய மரியாதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா லிஃப்டர். வலையோரம் நின்று, அடிப்பவருக்குத் தோதாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பவர். மற்றவர்கள் பந்தைத் தொட்டால் 'பட்' என்று சத்தம் வரும். அப்பாவின் பத்து விரல் நுனிகளும் தொட்டால் சத்தமே வராது. அது மேலே போய், அடிப்பவர் கையை ஓங்குகிற இடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு இறங்கும். நிற்கும் என்றே நான் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் பங்குனியில் ஒருநாள் அப்பா பஞ்சு கோடவுனுக்குப் போயிருந்தார். அங்கே அவருக்கு வேலை கிடையாது. சும்மா பேச்சுக்கொடுக்கப் போனவர், பஞ்சுப் பொதியைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையை வெட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். வெட்டுப்பட்ட பட்டை துள்ளி இடது கண்ணில் அடித்துவிட்டது. வேலையில்லாத இடத்தில் நின்று அடி வாங்கியதால் அதை வெளியே சொல்லவில்லை. வீட்டில் "தூசி விழுந்துருச்சு" என்றார். அம்மா தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டாள். ஒரு வாரம் சிவந்திருந்தது. பிறகு பார்வைக்கு மற்றக் கண்ணைப் போலவே ஆகிவிட்டது.

வீட்டில் குழாய் இருந்ததே தவிர தண்ணீர் வராது. திண்டுக்கல்லில் அதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடத்தை வரிசையில் போட்டு, சண்டை போட்டு, அம்மா கொண்டுவரும் தண்ணீர். ஒருநாள் சாப்பாட்டின்போது அப்பா சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் டம்ளருக்கு இந்தப் பக்கம் தரையில் விழுந்தது.

"எங்க பராக்குப் பாத்துக்கிட்டு ஊத்துறீக? ஒரு குடத்துக்கு அம்புட்டு நேரம் நின்னு கொண்டாந்துருக்கேன்," என்று அம்மா கத்தினாள்.

மறுநாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள் அப்பா சொம்பைத் தூக்கியதும், நான் டம்ளரை நகர்த்தி விழுகிற தண்ணீருக்கு நேராகப் பிடித்தேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, மதுரையில் அத்தையைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். போனது கண் டாக்டரிடம். டாக்டர் அப்பாவின் வலது கண்ணை ஓர் அட்டையால் மூடிவிட்டு, "இது எத்தனை விரல்?" என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு மூன்று விரல்கள் தெரிந்தன. அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுது சார்," என்றார்.

"உள்ளே கிழிஞ்சிருக்கு. அடிபட்ட அன்னைக்கே வந்திருக்கணும். இனிமே ஒண்ணும் செய்றதுக்கில்ல," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தார். நீலத் துணியில் வெள்ளைப் பூ போட்ட சின்னக் குடை. திரும்பி வரும்போது, பஸ் அம்மையநாயக்கனூரைத் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அம்மாட்ட சொல்ல வேணாம் தாயி."

"ஏம்ப்பா?"

"ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு லிஃப்டரா நிக்க விட மாட்டாங்கெ. டீம்ல இல்லேன்னா ஸ்டோர் வேல இல்ல. வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்கெ. யாருட்டயும் சொல்லாத. என்ன?"

நான் தலையாட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குத் துக்கமாக இல்லை. அம்மாவுக்கே தெரியாத ஒன்று எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும் என்பதில் பெருமையாகத்தான் இருந்தது. குடையைத் திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸுக்குள் விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் சித்திரையில் ஒட்டன்சத்திரத்துச் சித்தப்பா வந்து சேர்ந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்குச் சித்தப்பா. காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். அவர் ஊர்த் திருவிழாவில் வாலிபால் ஆடியதை நம் மில் லேபர் ஆபீசர் பார்த்திருக்கிறார். டீம் பொறுப்பும் அவருடையதுதான் என்பதால் கையோடு அழைத்து வந்துவிட்டார். இந்த வருஷம் நன்றாக ஆடினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அது நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று சித்தப்பாவின் தாய்மாமன் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அவரே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, வெட்கப்பட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

கேண்டீனுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கியிருந்தார். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு சாக்கு நிறைய முருங்கைக்காயும் சுரைக்காயும் தக்காளியும் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவார்.

"இம்புட்டையும் யாரு திங்கிறது தம்பி?" என்பாள் அம்மா.

"இருக்கட்டுமுங்க அண்ணி. பக்கத்து ஊட்டுக்கும் குடுங்க."

உங்களில் பலருடைய வீட்டிலும் அந்த முருங்கைக்காய் கொதித்திருக்கிறது. கதவைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்து வருவார். என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். ஒரு குழந்தையிடம் வாங்க போங்க என்று பேசிய ஆளாக நான் முதலில் பார்த்தது அவரைத்தான்.

அவர் அடிப்பவர். அப்பா உயர்த்திக் கொடுக்க வேண்டும், அவர் எழும்பி அடிக்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு நாம் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் இடம் பிடித்தோம். அன்றைக்குத் தோற்றோம். அதற்கடுத்த ஞாயிறும் தோற்றோம்.

ஒரு கண் போனால் தூரம் பிடிபடாது என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் டம்ளரும் தண்ணீரும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. அப்பா உயர்த்திய பந்து, இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. சில சமயம் வலையை ஒட்டி, சில சமயம் உள்ளே இழுத்து. வலையோரம் குட்டையாகக் கொடுக்கும் பந்துகளைப் பழக்கத்தில் சமாளித்துவிட்டார். உயரமான ஆளுக்காக உயரமாகக் கொடுக்கும் பந்துதான் தப்பியது. சித்தப்பா அதற்குள் தரையை விட்டு எழும்பியிருப்பார். அந்தரத்தில் உடம்பை முறுக்கி எட்டி அடிப்பார். வலையில் மாட்டும், இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே போய் விழும். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வலையில் அடித்தவர் அவர்தான். ஒரு சாண் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"ஏலே, அது காய் மூட்டையில்லலே, பந்துலே!" என்று நம் பக்கத்திலிருந்தே கத்தினார்கள். அதற்கு மைதானமே சிரித்தது. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அந்த வருஷம் மொத்தம் பதினோரு ஆட்டம். ஒன்றே ஒன்று ஜெயித்தோம். அதுவும் எதிர் டீம் வந்த வேன் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் பழுதாகி, அவர்கள் வந்து சேராததால் கிடைத்தது. எதிரே ஆளில்லாத மைதானத்தில் நம் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். நடுவர் விசில் ஊதி நாம் ஜெயித்ததாகச் சொன்னார். அன்றைக்குக் கேசரி போடவில்லை. அம்மாதான் மனசு கேட்காமல் வீட்டில் கொஞ்சம் கிண்டினாள். சித்தப்பா அதை விரலால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார், கடைசிவரை முடிக்கவில்லை.

ஆடி பிறந்தபோது காலனியில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ராசியில்லாத ஆள் என்று பெண்கள் குழாயடியில் சொன்னார்கள். அவருக்கோ, தப்பு தன் கையில்தான் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் தனியாக மைதானத்தில் நின்று பந்தைத் தானே மேலே எறிந்து, ஓடிவந்து எழும்பி அடிப்பார். தானே எறிந்த பந்தை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னை அழைத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்.

"கண்ணு, நீங்க எல்லா ஆட்டமும் பாக்கறீங்கல்ல. நான் சீக்கிரமா எந்திரிக்கறனா, லேட்டா எந்திரிக்கறனா? நல்லாப் பாத்துச் சொல்லுங்."

ஒருநாள் "சீக்கிரம்" என்பேன். இன்னொரு நாள் "லேட்டு" என்பேன். அவர் அதை நம்பி, அன்று முழுக்க அதற்கேற்றபடி மாற்றி மாற்றி எழும்பிப் பார்ப்பார். ஒருமுறை மணிக்கட்டு வீங்கி, அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்தாள். அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகியும் பக்கத்தைத் திருப்பவில்லை.

"ரொம்பப் போட்டு அடிச்சுக்காதடா," என்றார், பேப்பரை விலக்காமலே.

"இல்லீங்கண்ணா, நீங்க அத்தன அழகாக் குடுக்கறீங்க. எனக்குத்தான் அமைய மாட்டீங்குது."

கடைசி ஆட்டம் காந்திகிராமத்துப் பக்கம் ஒரு மைதானத்தில். மூன்று செட்டிலும் வரிசையாகத் தோற்றோம். அதற்கு அடுத்த நாள் காலாண்டு விடுமுறை, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போனேன். ஸ்டோரில் ஆளில்லை. லேபர் ஆபீசர் ரூமில் இருப்பதாகச் சொன்னார்கள். குடையை மடக்கி வாசல் ஓரமாகச் சாத்திவிட்டு உள்ளே போய் நின்றேன்.

லேபர் ஆபீசர் கெட்டவரில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"ஏன் இப்படி ஆச்சுன்னு முதலாளி கேக்குறாரு. நான் பதில் சொல்லணும். நீ கேப்டன். நீ சொல்லு."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். வெளியே தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"அவனுக்கு டைமிங் வரல சார்," என்றார்.

"பந்தே சரியா வரலேன்னும் ரெண்டு பேரு சொல்றாங்களே?"

"எப்பவும் குடுக்குற மாதிரித்தான் சார் குடுக்குறேன்."

ஆபீசர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கவனித்தார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"நீதான் ஒரு மேட்ச் விடாம வர்றியேம்மா. நீ சொல்லு, அப்பா பந்து சரியாக் குடுக்குறாரா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து அப்பா பயந்துபோயிருந்தார்.

"சரியாத்தான் குடுக்குறாக சார். சித்தப்பாதான் லேட்டா எந்திரிக்கிறாக."

"சரிதான். சின்னப் பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு," என்று ஆபீசர் சிரித்தார்.

தூக்கை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வராந்தாவில், திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், சித்தப்பா நின்றிருந்தார். அவரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. எத்தனையோ நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குக் கடைசியில் சரியான விடை கிடைத்துவிட்டது என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அவரைத் தாண்டி மழையில் ஓடினேன். குடை அங்கேயே நின்றுவிட்டது. அதை எடுக்க நான் திரும்பப் போகவில்லை. அப்பாவும் குடை எங்கே என்று கேட்கவில்லை.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். தகரப் பெட்டியோடு சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாரேனுங்கண்ணா. உங்க பேரையும் கெடுத்துப்போட்டன். மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கண்ணு எங்கீங்க அண்ணி?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் வேறு அடிப்பவர் வந்தார். அவர் அடித்ததும் வலையில் மாட்டியதால், முதல் இரண்டு ஆட்டத்திலேயே விஷயம் வெளியாகிவிட்டது. லேபர் ஆபீசர் அப்பாவை மதுரைக்கு அனுப்பிக் கண்ணைப் பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்தது. டீமிலிருந்து எடுத்தார்கள். ஆனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. ஸ்டோர் வேலையையும் பறிக்கவில்லை. "இதுக்காய்யா மறைச்ச? மில்லுல பட்ட அடி. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே இதைத்தானே செஞ்சிருப்பேன்," என்றாராம். அதை அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அப்போதுதான் கண் விஷயமே தெரியும். அதன் பிறகு பல மாதங்கள் அவள் அப்பாவிடமும் என்னிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை.

கண் போனதால் அப்பா டீமை விட்டார் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண் போனதே அடுத்த வருஷம்தான் என்று நினைத்துவிட்டீர்கள். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர், அவர்களும் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். ஒருமுறை பழனிக்குப் போகும் வழியில், பஸ் ஒட்டன்சத்திரத்தில் நின்றபோது எழுந்துவிட்டார். இறங்கப்போகிறார் என்று நினைத்தேன். செத்த நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவர் போய் ஆறு வருஷமாகிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால், தங்கை வீட்டு விசேஷத்துக்கு மொத்தமாகக் காய் வாங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் சாக்கின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கூன் விழுந்திருந்தது. உட்கார்ந்திருந்தபோதே, நின்றிருந்தவர்கள் தோளுக்கு வந்தார். கிட்டே போய் மில்லின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அட, கண்ணு!" என்று எழுந்திருக்கப் பார்த்தார். "அண்ணன் நல்லாருக்காருங்களா?"

சொன்னேன். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னாலதான் அவருக்கு அந்த வருசம் அத்தன தலகுனிவு. ஒருக்கா வந்து பாக்கோணும்னு இருந்தனுங். எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரதுன்னு வல்லீங்க."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"சித்தப்பா, அப்பாவுக்கு எடது கண்ணு தெரியாது."

"கடேசி காலத்துலீங்களா?"

"இல்ல. நீங்க மில்லுக்கு வாரதுக்கு முன்னாலயே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வலது கை முழங்காலிலிருந்து எழும்பி, விரல்கள் விரிந்து, காற்றில் எங்கேயோ நின்றது. எதையோ தேடுகிற மாதிரி ஒருமுறை அந்தப் பக்கம் நகர்ந்தது. ஒரு சாண் இருக்கும்.

"அப்ப, நான் சரியாத்தான் எந்திரிச்சனுங்களா?"

"சரியாத்தான் எந்திரிச்சீங்க சித்தப்பா. ஒரு தடவகூடத் தப்பல."

மடியிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கு இது அப்பவே தெரியுமுங்களா?" கண்ணு என்று சொல்லவில்லை.

"தெரியும்."

சுற்றிலும் ஏலச் சத்தம். அழுகின தக்காளி மணம். அவர் என்னைப் பார்க்காமல் லாரிகள் நிற்கிற பக்கம் பார்த்துப் பேசினார்.

"என்ற பையன் பள்ளிக்கூடத்துல நல்லா ஆடுவானுங். வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து கூப்ட்டாங்க. நாந்தான் உடுல. நம்மளுக்கு அது வராதுடா, நாளைக்கு ஊரே சிரிக்கும்னு சொல்லிப் பந்தத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டனுங். ஒரு மாசம் எங்கூடப் பேசாம இருந்தான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கேரளா போகிற ஒரு லாரியை நோக்கி நடந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பின்னால் போனேன்.

லாரியின் மேலே நாற்பதைத் தாண்டிய ஒருவன் நின்றிருந்தான். கீழே இருந்தவர்கள் உயர்த்திக் கொடுத்த முட்டைக்கோஸ் மூட்டையை நீளமான கைகளால் ஒரே பிடியில் வாங்கி உள்ளே அடுக்கினான். எங்களைப் பார்த்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாருங்ப்பா அது?" என்று கேட்டான்.

சித்தப்பா தலையை அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.